டின் அன்னாசி

மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் அப்பா சமையல்காரர். துரைமார் போய்ப் பல வருஷம் ஆகியும் டிசம்பர் 25 மதியம் மேசை நடுவில் முழு ஹாம் இருந்தாக வேண்டும். உப்பில் ஊறிய பன்றித் தொடை கொச்சியிலிருந்து வரும். பழைய சமையல் நோட்டில் ‘அன்னாசி ஒரு டின்’ என்றிருக்கும். அப்பாவும் டின்னைத்தான் வாங்குவார். வாழக்குளத்து அன்னாசி மலிந்து கிடக்கிற ஊரில் டின்னா என்று எனக்கு இளக்காரம்.

முதல்முறை தனியாகச் செய்த வருஷம், வேகவைத்துத் தோலுரித்த தொடை முழுக்கப் பச்சை அன்னாசியை அரைத்து அப்பி ராத்திரி மூடி வைத்தேன். காலையில் கொழுப்புப் பக்கம் அப்படியே இருந்தது. வெட்டுமுகத்துக் கறி மட்டும் விரல் பட்டதும் கூழாக வழிந்தது.

அப்பா திட்டவில்லை. “அன்னாசி தின்னா நாக்கு ஏம்ல எரியுது? அரைமணி நேரத்துல நாக்கே அந்தப் பாடு படுதுன்னா, ராத்திரி பூரா கெடந்த கறி என்னத்துக்கு ஆவும்?”

புரதத்தை அரிக்கும் புரோமெலைன் அன்னாசியில் இருக்கிறது. சூடு பட்டால் அது செத்துவிடும். டின் பழம் ஏற்கெனவே வெந்தது, சூட்சுமம் அவ்வளவுதான். கூழான கறியை வழித்துவிட்டு, வெல்லமும் கடுகும் பூசி அன்றைய மானத்தைக் காப்பாற்றினோம்.

இப்போதும் நான் டின் வாங்குவதில்லை. சாற்றைப் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மறையூர் வெல்லத்தைத் தட்டிப் போடுவேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம். உருட்டியவரின் விரல் தடம் உருண்டையில் அப்படியே இருக்கும். வெள்ளைச் சர்க்கரையில் பளபளப்பு வரும், அந்தக் கருக்கல் வாசம் வராது. கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது. அதுதான் பதம்.

தொடையை முதல் நாளே தண்ணீரில் போட்டு உப்பை இறக்கி, கொதிக்கவிடாமல் சிறு தீயில் வேகவைப்பேன். தோலை உரித்து, கொழுப்பில் மட்டும் குறுக்கும் நெடுக்கும் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்துவேன். கத்தி கறியைத் தொட்டால் சாறு அந்த வழியாக வடிந்துவிடும்.

சுடுகிற ஓவனுக்கு கிராண்டிஸ் யூகலிப்டஸ் விறகு. அந்த விறகு சட்டென்று பிடித்துச் சட்டென்று தணியும். அதனால் கங்கு சிவந்த பிறகுதான் தொடை உள்ளே போகும். பாகைக் கடைசி இருபது நிமிஷத்தில் மூன்று தடவை பூசுவேன். முன்கூட்டியே பூசினால் வெல்லம் கருகிக் கசக்கும். மூன்றாவது பூச்சுக்குப் பிறகு நான் ஓவனை விட்டு நகர்வதில்லை, வாசலில் யார் கூப்பிட்டாலும் சரி. பாகின் குமிழ் பெரிதாக வெடிக்கும்வரை பயமில்லை. பொடிப்பொடியாகி, கிராம்புத் தலையைச் சுற்றிக் கருவளையம் கட்ட ஆரம்பித்தால் உடனே வெளியே.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறிதான். மறுநாள் பங்களாவிலிருந்து அந்த எலும்பு வரும். அம்மா அதைத் துவரம்பருப்போடு போட்டு வேகவைப்பாள். உப்பே போடமாட்டாள்.