இஞ்சிவிளை வழியாக ஒரு துணிப்பை

பால் கவர்கள் கொடியில் காய்கின்றன. ஏழோ எட்டோ இருக்கும். ஒரு ஓரம் வெட்டி, உள்ளே தண்ணீர் விட்டு அலசி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டவை. அலசிய தண்ணீர் தென்னை மூட்டுக்குப் போகவில்லை. சாயாப் பாத்திரத்துக்குப் போயிற்று.

மாதம் ஒரு தடவை ஹரித கர்ம சேனைப் பெண்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் சேகரிக்கச் சாக்கோடு வருகிறார்கள். பிளாஸ்டிக் சுத்தமாக இருக்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும். கட்டணம் 50 ரூபாய். வீட்டுக்காரி கவர்களை மொத்தமாக நீட்டுகிறாள். ரூபாய்த் தாளை மட்டும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கிறாள். இரண்டு தாள் ஒட்டிப் போய்விடக் கூடாது.

"போன மாசத்துக்கும் சேத்து நூறு, சேச்சி."

"போன மாசம் நான் எங்க பிள்ளே கவர் தந்தேன்?"

ரோட்டில் இறங்கி ஒரு பக்கம் திரும்பினால் பாறசாலை. மறுபக்கம் திரும்பினால் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வீட்டுக்காரியின் மாமி இந்தக் கேரளப் பக்கம், மாமியின் தங்கச்சி அந்தத் தமிழ்நாட்டுப் பக்கம். இரண்டு வீட்டிலும் மரச்சீனி அவிகிறது. அங்கே வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பும்போது மாமி செல்போன் சார்ஜரைப் பையில் எடுத்துவைக்கிறாள்.

அடுக்களையில் தேங்காய் எண்ணெய்க் குப்பி ஒன்று தலைகீழாக நிற்கிறது. அதன் வாய் இன்னொரு குப்பியின் வாய்மேல். விடிந்ததிலிருந்து இதே நிலை. ஒரு சொட்டு திரள்கிறது. நீள்கிறது. விழவில்லை. மருமகள் அரிசி களைய வருகிறாள், பார்க்கிறாள். முருங்கைக்கீரை உருவ வருகிறாள், பார்க்கிறாள். சொட்டு அங்கேயே இருக்கிறது.

2025 ஜூலையில் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டி ஏறியது. முந்தைய ஆண்டு ஏறத்தாழ பாதி விலை. அந்த மாதத்திலிருந்து, அவியலை இறக்கும்போது மேலே ஊற்றும் பச்சை எண்ணெய் கரண்டியிலிருந்து ஸ்பூனுக்கு இறங்கிவிட்டது. கறிவேப்பிலை இரண்டு கொத்து கூடியிருக்கிறது. மாமி ஒரு வாய் வைக்கிறாள். மருமகளைப் பார்க்கிறாள். இன்னொரு வாய் வைக்கிறாள்.

விளையில் தென்னை மூன்று. தேங்காய் விலையும் கூடவே ஏறியதால், விழுந்த தேங்காயை விற்பதா துருவுவதா என்பது வீட்டில் ஓயாத வழக்கு. தொண்டும் சிரட்டையும் வழக்கில் சேராது. அவை அடுப்புக்கு. கொதும்பும் காய்ந்த மட்டையும் அடுப்புக்கு. ஓலையிலிருந்து ஈர்க்கில் கிழித்து மாமி வாரியல் கட்டுகிறாள். தேய்ந்து குட்டையான பழைய வாரியல் முற்றத்திலிருந்து கோழிக்கூட்டுக்கு மாற்றலாகிறது.

கேஸ் அடுப்பு மேடையில் பளபளவென்று இருக்கிறது. அதன்மேல் பூப்போட்ட துணி. விருந்தாளி வந்தால் துணி விலகும். ஒரு சிலிண்டர் எத்தனை மாதம் ஓடுகிறது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லும்போது எல்லோரும் ஒரு மாதம் கூட்டுகிறார்கள்.

சக்கைக் காலம் வந்தால் சந்தைச் செலவு பாதி. மாமி பழைய பேப்பரை விரிக்கிறாள். கத்தியில் பால் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவ வேண்டும். குப்பியைத் தொடவில்லை. மூடியின் உள்பக்கத்தை விரலால் வழித்துக் கத்தியில் தேய்க்கிறாள். சக்கை இரண்டாகிறது. வடியும் பாலைக் குச்சியில் சுற்றி எடுக்கிறாள். சுளை அவியலுக்கு. சவிணி துவரனுக்கு. மடல் ஆட்டுக்கு. குருவைக் கழுவி, உலர்த்தி, மண்ணில் புரட்டிப் பானையில் போடுகிறாள். பேப்பரைச் சுருட்டி அடுப்பில் வைக்கிறாள். தரையில் எதுவும் மிஞ்சவில்லை. ஒரு கோழி வந்து ஏமாந்து போகிறது.

கர்க்கடக மாத மழை. ரப்பர் வெட்டு இல்லை, கொத்தவேலை இல்லை. பானைக்குள் கை போகிறது. சக்கைக்குரு கருவாட்டோடு சேர்ந்து கறியாகிறது.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் ஒரு பிலாவின் பொந்து விழுந்த அடிமரத்தை வேலி போட்டுக் காக்கிறார்கள். அம்மச்சிப் பிலாவு. எதிரிகளிடமிருந்து தப்பிய திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அந்தப் பொந்தில் ஒளிந்தார் என்பது வழிவழிக் கதை. 2018-இல் கேரள அரசு சக்கையை மாநிலப் பழமாக அறிவித்தது. மாமிக்கு இரண்டு செய்தியும் தெரியும். பிலாவைக் கண்டால் அவள் அண்ணாந்து பார்ப்பது எத்தனை காய் பிடித்திருக்கிறது என்பதை.

மரச்சீனிக்கும் ராஜா உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதை ஊரெங்கும் நட ஊக்கம் கொடுத்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போகிறது. கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நிற்கிறது. திருவிதாங்கூர் மரச்சீனியைத் தின்று அந்த வருஷங்களைத் தாண்டுகிறது. அந்தக் காலத்தைக் கண்ட பாட்டா ஒருவர் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். சோற்றுத் தட்டில் ஒரு பருக்கை விடுவதில்லை. மரச்சீனித் தட்டைத் தள்ளி வைக்கிறார்.

பொழியூர் கடற்கரையிலிருந்து மீன்காரி வருகிறாள். தலையில் அலுமினியப் பாத்திரம். "சாளே... சாளே..." காலையில் இந்தக் குரலுக்கு ஒரு கதவும் திறப்பதில்லை. எல்லோருக்கும் கேட்கிறது. உச்சி வெயிலில் அவள் திரும்பி வருகிறாள். இப்போது நாலு வீட்டு வாசலில் நாலு சட்டி. மீன்காரி பாத்திரத்தை இறக்கிவைத்துத் தலைச்சும்மாட்டை உதறுகிறாள்.

"காலையிலயே வாங்கியிருந்தா நல்ல மீன் கிட்டுமல்லியோ மோளே."

"காலையில பைசா இல்ல."

மீன்காரி சிரிக்கிறாள். கூறு பிரிக்கிறாள்.

துணிப்பை வெளியே கிளம்புகிறது. பைக்குள் இன்னொரு பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், உப்புக்கண்டமோ கருவாடோ வாங்க நேர்ந்தால். கேரள பஸ்ஸில் குறைந்த கட்டணம் 10 ரூபாய். இஞ்சிவிளையில் ஏறிக் களியக்காவிளையில் இறங்க 10 ரூபாய். பெண்கள் நடக்கிறார்கள்.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் தமிழ்நாட்டு டவுன் பஸ் நிற்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பைசா இல்லை. எந்த மாநிலத்துப் பெண் என்று கண்டக்டர் கேட்பதில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். பின்னால் ஏறிய கணவன் மார்த்தாண்டத்துக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறான்.

"நீங்க வராம இருந்தா அந்தப் பைசா மிச்சம்."

கணவன் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பையை யார் தூக்குவது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

உள்ளி, தக்காளி, கத்திரிக்காய் அந்தப் பக்கம். எண்ணெய், வத்தல், வன்பயறு இந்தப் பக்கம், கேரள அரசின் மாவேலி ஸ்டோரில், ரேஷன் கார்டைக் காட்டி. 13 பொருள்களுக்கு மானிய விலை. 2016 முதல் 2024 தொடக்கம் வரை அந்த விலைப்பட்டியல் அசையாமல் இருந்தது. வரிசையில் வந்து சேருகிற எல்லோரும் முன்னால் நிற்பவளிடம் கேட்பது ஒன்றே. "எண்ணெய் உண்டா?" உண்டு என்றால் வீட்டுக்கு ஃபோன் போகிறது. இல்லை என்றாலும் யாரும் கலைவதில்லை. நின்றது நின்றாயிற்று, பயறாவது வாங்கலாம்.

பெட்ரோல் அந்தப் பக்கம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் 2 ரூபாய் செஸ் கூட்டியது. எல்லை தாண்டியதும் வரும் பங்கில் கேஎல் 19, கேஎல் 20 என்று பைக்குகள் வரிசை கட்டுகின்றன. ஒரு பையன் வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டுகிறான். "அண்ணா, இன்னும் கொஞ்சம் கொள்ளும்."

அரிசி வருகிற கதை வேறு. தமிழ்நாட்டு ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலை இல்லை. எல்லை தாண்டினால் அதற்கு விலை வந்துவிடுகிறது. கடத்தல் குற்றம். லாரியோடும் பிடிபடுகிறது, பஸ்ஸிலும் பிடிபடுகிறது. சீட்டுக்கு அடியில் ஒரு சிறு மூட்டை. யாருடையது என்று அதிகாரி கேட்கிறார். பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள்.

பாறசாலை ரயில் நிலையம். 1979-இல் வந்த பாதை. பாசஞ்சர் வண்டியில் திருவனந்தபுரத்துக்கு 10 ரூபாய். அதே 10 ரூபாய்க்கு பஸ்ஸில் அமரவிளை வராது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் துணி மடிக்கும் பெண்களும் கொத்தனார்களும் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்களும் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் சோற்றுப் பொதி. வண்டி தாமதம். ஒருத்தி செருப்பைக் கழற்றி வார் தைத்த இடத்தை இழுத்துப் பார்க்கிறாள். திருப்தி. மாட்டிக்கொள்கிறாள்.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் லாட்டரித் தட்டிகள் நெருக்கமாக நிற்கின்றன. சீட்டு 50 ரூபாய், முதல் பரிசு ஒரு கோடி. பையைத் தூக்கிவந்த கணவன் ஒரு தட்டி முன்னால் நிற்கிறான். மனைவி நாலடி முன்னே போய்விட்டாள். அவன் சீட்டுகளை விசிறிப் பார்க்கிறான். ஏழில் முடிவது வேண்டும். எடுக்கிறான். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறான். பிற்பகல் 3 மணிக்குக் குலுக்கல். 4 மணிக்கு அவன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறான்.

இரவு துணி நனைக்கும்போது சீட்டு அவள் கைக்கு வருகிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. திருப்பிப் பார்க்கிறாள். பின்பக்கம் முழுக்க அச்சு. கணக்கு எழுத இடமில்லை.

ஞாயிறு சாயங்காலம். திண்ணையில் பாய் விரிகிறது. அயல்கூட்டம். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அடித்தட்டு இதுதான். பத்து முதல் இருபது பெண்கள், வாரச் சேமிப்பு, ஒரு நோட்டு. பெயருக்கு எதிரே தொகை, தொகைக்கு எதிரே கையெழுத்து. கையெழுத்துகளில் சில மலையாளம், சில தமிழ். ஒரு பாட்டி நாணயமாகவே கொண்டுவந்திருக்கிறாள். முந்தானை முடிச்சை அவிழ்க்க நேரமாகிறது. செக்ரட்டரி காத்திருக்கிறாள். நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்குகிறாள். ஒன்று குறைகிறது. பாட்டி முந்தானையை மறுபடி உதறுகிறாள். விழுகிறது.

கடன் வேண்டியவள் யார் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அவள்தான் சாயா நன்றாக இருக்கிறது என்கிறாள்.

அலமாரியில் கல்யாணக் கடிதங்கள். சிங்ஙம் மாதம் பிறந்தால் கடிதம் கூடும். 500 வைப்பதா, 1,000 வைப்பதா? நாத்தனார் கல்யாணத்து நோட்டு கீழே இறங்குகிறது. கடிதம் தந்தவர்கள் அப்போது 301 வைத்திருக்கிறார்கள். பதினொரு வருஷம் முந்தி. மனக்கணக்கு ஓடுகிறது. 500 உறுதியாகிறது. கவர் புதிதாக வாங்குவதில்லை. போன கடிதம் வந்த கவரின் ஒட்டைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வர மடித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டுகிறாள்.

இதே நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் அருவிப்புறம். 1888-இல் நாராயண குரு நெய்யாற்றங்கரையில் சிவனைப் பிரதிஷ்டை செய்த இடம். தாலிகெட்டுக் கல்யாணம், திரண்டுகுளி, புளிகுடி என்று வீட்டை முடித்த சடங்குகளை விடச் சொன்னவர். கல்யாணத்தைச் சிலரோடு, சுருக்கமாக முடிக்கச் சொன்னவர். தேசிய நெடுஞ்சாலை ஓரம் ஆடிட்டோரியங்கள் நிற்கின்றன. ஏசி உண்டு, கார் நிறுத்த இடமுண்டு என்று பலகை. உள்ளே இலை போடும் பந்தி மூன்றாவது. வாசலில் ரோஜாப்பூ வளைவு. அதன் ஓரத்தில் குருவின் படம், அதற்கும் ஒரு மாலை.

கேஎஸ்எஃப்இ கிளை. 1969-இல் கேரள அரசு தொடங்கிய, சிட்டி என்னும் ஏலச்சீட்டு நடத்தும் நிறுவனம். மருமகள் சேர்ந்த சிட்டி மாதம் 2,500, நாற்பது மாதம், 1 லட்சம். முதல் மாதங்களில் அவசரக்காரர்கள் 30 சதவீதம் தள்ளி 70,000-க்குப் பிடிக்கிறார்கள். ஒரே மாதத்தில் பல அவசரங்கள் வந்தால் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறார்கள். தள்ளிய பணம், கமிஷன் போக, மற்றவர்களின் தவணையில் கழிகிறது. கடைசிவரை பொறுப்பவளுக்கு மெச்சம். அவள் பொறுத்தாள். கூரை ஒழுகிய வருஷம் பிடிக்கவில்லை. மாமியின் கண் ஆபரேஷனுக்கும் பிடிக்கவில்லை.

2023 ஜனவரியில் சிட்டி சேர்ந்தபோது ஒரு பவன் தங்கம் 40,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. மகளுக்கு இரண்டு பவன் என்று நோட்டில் எழுதிவைத்தாள். 2025 டிசம்பரில் பவன் 1 லட்சத்தைத் தாண்டியது. கிளார்க் கணக்குப் பார்க்கிறார். 5 சதவீதக் கமிஷன் கழித்தால் கைக்கு 95,000-ஐ ஒட்டி வரும். அவள் பையிலிருந்து நோட்டை எடுக்கிறாள். 'இரண்டு' என்பதை அடிக்கிறாள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நிற்கிறது. கூலி, ஜிஎஸ்டி என்று ஓரத்தில் எழுதுகிறாள். பிறகு 'முக்கால்' என்று எழுதுகிறாள்.

"சாரே, மாசம் 5,000 போடுற சிட்டி எப்பம் தொடங்கும்?"

கிளார்க் படிவத்தை நீட்டுகிறார். அவள் முன்பக்கத்தைப் படிக்கிறாள், திருப்புகிறாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"ரெண்டெண்ணம் தாருங்கோ."