ஹிரோஷிமா: எழுவாய் இல்லாத வாக்கியம்

ஹிரோஷிமா ரயில் நிலையத்தில் டிராம் ஏறினால் கால் மணி நேரத்தில் ஓர் இடிந்த கட்டடத்தின் எதிரே இறங்கிவிடலாம். உதிர்ந்த செங்கல் சுவர்கள், மேலே வெறும் இரும்புக் கூண்டாக நிற்கும் குவிமாடம். 1915இல் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவரின் வடிவமைப்பில் எழும்பிய பொருட்காட்சி மண்டபம் இது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு அமெரிக்க விமானம் போட்ட அணுகுண்டு, இதற்குச் சற்றுத் தள்ளி சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். குண்டு விழுந்த மூன்றாம் நாளே நகரின் ஒரு பகுதியில் டிராம் ஓடத் தொடங்கிவிட்டது.

ஆற்றைக் கடந்தால் பூங்கா. புல்வெளியையும் மரங்களையும் பார்க்கும் வெளியூர்க்காரர், நகரத்தின் காலி இடம் போலிருக்கிறது என்று நினைக்கக்கூடும். கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நகஜிமா என்ற பேட்டை இருந்த இடம் இது. அதன் தென்கோடியில், தூண்களின் மேல் நீளவாக்கில் நிற்கிறது அமைதி நினைவு அருங்காட்சியகம். கென்சோ டாங்கே வடிவமைத்து 1955இல் திறக்கப்பட்டது. 2024ஆம் நிதியாண்டில் வந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். வரிசை நீளம். ஆனால் உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் பேச்சு அடங்கிவிடுகிறது.

2017 வரை இங்கே வந்தவர்களுக்கு மறக்க முடியாதவை அந்தப் பொம்மைகள்: கையிலிருந்து தோல் உரிந்து தொங்க, தீயின் நடுவே நடந்துவரும் மனித உருவங்கள். அவற்றை அகற்றியபோது உள்ளூரிலேயே எதிர்ப்பு கிளம்பியது. குழந்தைகள் பயப்பட வேண்டும், அதற்காகத்தானே மியூசியம் என்றார்கள். அசல் பொருள்கள் பேசட்டும் என்றது நிர்வாகம். 2019இல் புதுப்பித்துத் திறந்த முக்கியக் கட்டடத்தைப் பார்த்தால் நிர்வாகத்தின் பக்கமே நியாயம் என்று தோன்றும். பொம்மை பயமுறுத்தும். ஆனால் அது யாருடைய பிள்ளையும் அல்ல.

இங்கே இருப்பவை பிள்ளைகளின் பொருள்கள். போர்க்காலத்தில் விமானத் தாக்குதலின் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்துப் பாதை அகலப்படுத்தும் வேலைக்குப் பள்ளி மாணவர்களை அனுப்பியிருந்தது அரசு. பெரும்பாலும் 12, 13 வயது. அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தனர். கருகிக் கிழிந்த சட்டைகள் மங்கிய வெளிச்சத்தில் வரிசையாக இருக்கின்றன. ஒரு சாப்பாட்டு டப்பா. உள்ளே அரிசி, பார்லி, சோயா எல்லாம் கரிக்கட்டியாகியிருக்கிறது. மதியம் சாப்பிடுவதற்காக எடுத்துப்போனது. பிணங்களுக்கிடையே மகனைத் தேடி அலைந்த தாய் அந்த டப்பாவோடுதான் அவனைக் கண்டெடுத்தார்.

இன்னொரு பெட்டியில் துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள். வீட்டு முன் அதை ஓட்டிக்கொண்டிருந்த, நான்கு வயதுகூட நிரம்பாத சிறுவன் அன்றிரவே இறந்தான். தனியாகக் கல்லறையில் விட மனம் வராமல், தகப்பனார் அவனையும் சைக்கிளையும் கொல்லைப்புறத்திலேயே புதைத்தார். 40 ஆண்டுகள் கழித்து 1985இல் தோண்டி, எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றினார். சைக்கிளை இங்கே கொடுத்தார்.

காட்சி முடியும் இடத்தில் கண்ணாடி ஜன்னல்களுள்ள நீண்ட தாழ்வாரம். வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது. கீழே பூங்காவின் நடுவில் சேணம் போல் வளைந்த நினைவுச் சின்னம் தெரிகிறது. அதன் கீழே கல்பெட்டி. அதனுள் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிய பெயர்கள் சேர்ந்து, 3.4 லட்சத்தைத் தாண்டிவிட்டது கணக்கு. கல்பெட்டியின் முகப்பில் ஒரு வாக்கியம். நிம்மதியாக உறங்குங்கள், தவறை மீண்டும் செய்வதற்கில்லை என்பது போன்ற பொருள். யார் செய்வதற்கில்லை? ஜப்பானிய மூலத்தில் எழுவாயே கிடையாது. அம்மொழியில் வினைச்சொல்லும் ஆளைக் காட்டிக்கொடுக்காது.

இந்தக் கல்லோடு முதலில் பெரிய அளவில் சண்டை பிடித்தவர் ஓர் இந்தியர். டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட ஜப்பானியத் தலைவர்கள் அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி ராதா வினோத் பால். ஜப்பானியப் படைகள் கொடுமை செய்யவே இல்லை என்று அவர் சொன்னதில்லை; வென்றவர்களே நீதிபதிகளாகத் தோற்றவர்களைத் தண்டிக்க வந்ததைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. 1952 நவம்பரில் இங்கே வந்தவர், மொழிபெயர்ப்பில் வாக்கியத்தைக் கேட்டுக் கொதித்தார். குண்டு போட்டது ஜப்பானியர்கள் அல்லவே, அவர்கள் ஏன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர் கேள்வி. வாசகத்தை எழுதிய ஹிரோஷிமா பல்கலைக்கழகப் பேராசிரியர் தடயோஷி சைகா, தாமே அணுகுண்டுக்குத் தப்பியவர். மனித இனம் முழுவதும் சொல்ல வேண்டிய வாக்கியம் இது என்று பதில் எழுதினார். சர்ச்சை ஓயவில்லை. 1983இல் விளக்கப் பலகை ஒன்றை நகராட்சி வைக்க வேண்டியதாயிற்று.

தமிழில் இதைப் பெயர்க்க முயல்பவர் பாடு இன்னும் திண்டாட்டம். 'செய்ய மாட்டோம்' என்று முடித்துத் தப்பிக்கலாம். 'யார்?' என்று கேட்டால் மாட்டிக்கொள்வார். 'நாங்கள்' என்றால் உயிரோடிருப்பவர்கள் செத்தவர்களிடம் சொல்வது. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளடங்கிவிடுவார். கல்லுக்குள் இருக்கும் பிள்ளைகளும் அந்தத் தவறில் பங்காளிகளாகிவிடுவார்கள். 'தவறு மீண்டும் நிகழாது' என்று எழுதலாம்தான். ஆனால் அது அரசு அறிக்கையின் நடை.

2016 மே மாதம் இங்கே வந்த ஒபாமா, பதவியிலிருக்கும்போது ஹிரோஷிமா வந்த முதல் அமெரிக்க அதிபர். வானத்திலிருந்து மரணம் விழுந்தது என்று பேச்சைத் தொடங்கினார். போட்டது யார் என்பது அந்த வாக்கியத்திலும் இல்லை. அவர் மடித்துக் கொண்டுவந்த காகிதக் கொக்குகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஜப்பானின் 'நாம்' யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டது என்பதற்கும் பூங்காவில் ஒரு சாட்சி உண்டு: இங்கே மடிந்த கொரியர்களின் நினைவுத் தூண். கொரியா அப்போது ஜப்பானின் காலனி. வலுக்கட்டாயமாக வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் இருந்தனர். 1970இல் இந்தத் தூணை நிறுவியபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இடம் கிடைத்தது. பூங்காவுக்குள் வர 1999 ஆயிற்று. ஹிரோஷிமா வெறும் அப்பாவி நகரமல்ல, சீனப் போருக்குப் படைகளை வழியனுப்பிய ராணுவ நகரம் என்பதையும் அருங்காட்சியகம் சொல்கிறது. ஆனால் சைக்கிளின் முன் நின்றவர்கள் அந்தப் பலகைகளின் முன் அவ்வளவு நேரம் நிற்பதில்லை.

இந்தியப் பயணிக்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு. 1957இல் நேரு வந்த ஊர் இது. 2023 மே மாதம் பிரதமர் மோடி அருங்காட்சியகத்தைப் பார்த்தார். அருகே ஆற்றங்கரையில் காந்தியின் மார்பளவுச் சிலையையும் திறந்துவைத்தார். எந்த நாடு அணுச்சோதனை நடத்தினாலும் அதன் தலைவருக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்புவது 1968 முதல் ஹிரோஷிமா மேயர்களின் வழக்கம். 1998 மே மாதம் பொக்ரான் வெடிப்புகளுக்குப் பின் அப்படியொரு கடிதம் டெல்லிக்கும் வந்தது.

கிழக்குக் கட்டடத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. 2001இல் வைத்தது. மேல் எண், குண்டு விழுந்து எத்தனை நாள் என்பது. கீழ் எண், உலகில் கடைசி அணுச்சோதனை நடந்து எத்தனை நாள் என்பது. வெடிப்பு நிகழாத அளவில் அமெரிக்கா நடத்தும் சோதனைகளும் கணக்கில் சேரும். மேல் எண் ஐந்து இலக்கங்களில் ஏறிக்கொண்டே போகிறது. கீழ் எண்ணை அவ்வப்போது பூஜ்யத்துக்குத் திருப்புகிறார்கள்.