ஈசிஜி பேப்பரில் ஒரு காக்கா

நைட் டூட்டியில கையில கிடைக்கிற பேப்பர்ல படம் கிறுக்குறது என் பழக்கம். அன்னிக்குப் பார்த்து பேனா தீர்ந்துபோச்சு. டேபிள்ல இருந்தது லீடு சரியா ஒட்டாம வீணாப்போன ஒரு ஈசிஜி பேப்பர்தான்.

பக்கத்து பெட்ல தூக்கம் வராம பார்த்துட்டிருந்த பெரியவர், மாரடைப்பு வந்து மூணாவது நாள். கடைகளுக்கு போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட். "இப்படிக் குடுங்க சார்"னு வாங்கி, நகத்தால வேகமா ஒரு இழு இழுத்தார். கருப்புக் கோடு! ரெண்டே நிமிஷத்துல ஜன்னல்ல ஒரு காக்கா.

அது தெர்மல் பேப்பர். மெஷின்ல மை கிடையாது. சூடு பட்டா பேப்பரே கறுக்கும். நகம் உரசுற சூடே போதும். ஏடிஎம் ரசீதுல நீங்களும் செஞ்சு பாருங்க. தினமும் தொடுற பேப்பர், எனக்கு இது தெரியாது!

ஒரே குறை, நாளாக நாளாக மங்கிடும். அதனாலதான் ஈசிஜி எடுத்ததும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைங்கன்னு சொல்றோம். அடுத்த தடவை நெஞ்சு வலின்னு வந்தா, பழசோட ஒப்பிட்டுப் பார்க்கிறது ரொம்ப உதவும்.

அவர் நல்லபடியா வீட்டுக்குப் போனார். ரெண்டாவது ரிவ்யூவுக்கு வரல. மகன்தான் வந்து சொன்னார்.

காக்கா என் டைரியில இருக்கு. இறக்கை மங்க ஆரம்பிச்சிடுச்சு. நேத்துதான் ஜெராக்ஸ் எடுத்தேன்.