ஆகாய விமானமும் உப்புத்தாளும்

நமது கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்திற் பயின்றோர் எவரும் ஒரு வாக்கியத்தை மறந்திரார். ஒவ்வொரு பரிசோதனையின் இறுதியிலும், ‘முன்னெச்சரிக்கை’ என்னும் தலைப்பின்கீழ், இணைப்புக் கம்பிகளின் முனைகளை உப்புத்தாளால் நன்கு தேய்த்துத் துலக்குதல் வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதுவோம். யானும் வாரந்தோறும் தவறாது எழுதினேன்; ஒருநாளேனும் தேய்த்தேனல்லேன். என்னோடு ஒரே மேசையிற் பரிசோதனை செய்த தோழர் தம் கம்பிகளுடன் என் கம்பிகளையும் தேய்த்துவிடுவார். யான் கால்வனாமீட்டரின் முள்ளை நோக்கி எண்களைக் குறித்துக்கொள்வேன். விடை சரியாகவே வந்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. அவ்வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கியதோ பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு முதியவரின் விமானக் கொட்டகையிலாகும். அவ்வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

விமானமொன்றைத் தம் கையாலேயே இயற்றிப் பறப்பது நம்மிற் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இம்முயற்சி தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாக்கோமோ டி ஆஞ்சலிஸ் என்னும் கார்சிகாத் தீவினர், 1909-ஆம் ஆண்டு பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் ஊக்கமுற்று, தாமே திட்டமிட்ட விமானமொன்றைச் சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்து, 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பறந்து காட்டினார். அமெரிக்காவில் இத்தகைய விமானங்களுக்கெனத் தனிச் சட்டமே உண்டு. வேலையின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ தாமே செய்தோர் அவ்விமானத்திற் பறக்கலாம். ஆனால் தொடக்கத்தில் ஜனநெருக்கமில்லாத இடத்திற்கு மேலே சோதனையாகப் பறந்து அதன் குணத்தை அறிந்துகொள்ளவேண்டும்.

யான் குறிப்பிட்ட முதியவர், பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது ஆண்டுகளாக ஒரு சிறு விமானத்தை இயற்றிக்கொண்டிருந்தார். அண்டை வீட்டினனாகிய யான் சனிக்கிழமைதோறும் அவருக்குத் துணைபுரிந்து வந்தேன். அவர் அதிற் பொருத்தியிருந்தது ரோட்டரி எஞ்சின். இப்பெயருக்குரியவை இரண்டு வகை. முதலாவது, பிரெஞ்சு நாட்டுச் செகேன் சகோதரரின் ‘நோம்’ எஞ்சின் முதலியன. அவற்றில் அச்சு நிலைபெற்றிருக்க, சிலிண்டர்கள் யாவும் புரொப்பெல்லர் என்னும் விசிறியோடு சேர்ந்து சுழலும். அவற்றிற்கு இடும் எண்ணெய் நம் விளக்கெண்ணெயே. எரிந்து வெளிவந்த அதன் புகையை விழுங்கிய விமானிகள் பட்ட பாட்டை, நாஞ்சில்நாட்டுத் தாய்மாரிடம் மாதமொருமுறை விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தோர் எளிதில் உணர்வர். மற்றொன்று, ஜெர்மானியராகிய பெலிக்ஸ் வாங்கல் கண்டுபிடித்து, 1957-இல் முதன்முதல் ஓடியது. இதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை. முட்டை வடிவான அறையொன்றில் முக்கோணச் சுழலி ஒன்று சுற்றிச்சுற்றி வரும். நம் முதியவர் வைத்திருந்தது இவ்வகையில் மாஸ்டா மோட்டார் வண்டியினின்று எடுத்த ‘13 பி’ எஞ்சின். இரண்டு சுழலிகளையும் 1308 கன சென்டிமீட்டர் கொள்ளளவையும் உடையது.

இவ்வெஞ்சினில் ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டிரண்டாக நான்கு ஸ்பார்க் பிளக்குகள் உள. முதலில் தீமூட்டும் பிளக்கை முன்பிளக் என்றும், சிறிது பொழுது தாழ்த்து மூட்டுவதைப் பின்பிளக் என்றும் கூறுவோம். நிமிஷத்திற்கு 6000 சுற்றாக ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு நூறு முறை பொறி எழுப்பவேண்டும். சாதாரண எஞ்சினிலோ அதே வேகத்தில் ஐம்பது முறையே. முன்பிளக் தவறினும் பின்பிளக் எரிபொருளை ஒருவாறு எரித்துவிடும். வலிமை குறையுமேயன்றி எஞ்சின் நில்லாது. வானத்தில் இஃது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் இவ்வேற்பாடே எம்மை ஏமாற்றியது.

தரையிற் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டியபோது மெதுவான வேகத்தில் எல்லாம் செவ்வையாயிருந்தது. முன்பிளக்குகளை மட்டும் நிறுத்திப் பார்த்தோம், பின்பிளக்குகளை மட்டும் நிறுத்திப் பார்த்தோம், குறையொன்றும் காணவில்லை. ஆயினும் பத்து நிமிஷம் ஓடிச் சூடேறிய பின்னர், முழு விசையும் திறந்தால் எஞ்சின் இடையிடையே மெல்லத் தும்மும். விசையைச் சிறிது குறைத்தால் தும்மல் மறைந்துவிடும். “இஃது அற்பம், அடுத்த சனிக்கிழமை வானேறப்போகிறேன்” என்றார் முதியவர். ஒன்பதாண்டு காத்திருந்தவரின் ஆவலை யான் எங்ஙனம் குறைகூறுவேன்? எனினும் அவ்விமானத்தளத்தின் எல்லைக்கப்பால் இறங்குதற்கோரிடமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மரக்காடே.

அப்போது என் நினைவிற்கு வந்தவர் என் தந்தையார். அவர் குளச்சல் கடலோரத்து மீனவர். வள்ளத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஔட்போர்டு எஞ்சின் வைத்திருந்தார். பிளக்கைக் கழற்றி, எஞ்சின் தலையில் முட்டுக்கொடுத்து, கயிற்றை இழுத்துப் பொறி நீலமாக வருகிறதா என்று பார்ப்பது கரையில் எல்லாரும் செய்யும் வழக்கம். ஒருமுறை அவ்வாறு பார்த்து நன்றென்று கொண்டு போன எஞ்சின், நள்ளிரவில் நடுக்கடலில் நின்றுவிட்டது. விடியுமட்டும் வள்ளம் நீரோட்டத்தில் மிதந்தது; கரையில் என் தாயார் ஒரு கண்ணும் உறங்கவில்லை. மறுநாள் தந்தையார் என்னிடம், “மக்களே, கரையில பாத்த பொறி கடலுக்குச் சாட்சி சொல்லாது” என்றார். அக்காலத்தில் அதனை ஒரு சலிப்பின் மொழியென்றே எண்ணினேன். பிற்காலத்திலேயே அதன் சாஸ்திரம் விளங்கிற்று. திறந்த காற்றிற் பொறி எளிதில் தாவும். அறைக்குள்ளே அமுக்கப்பட்ட வாயுவின் நடுவே தாவுதற்கு அதனினும் மிகுந்த வோல்ட் வேண்டும். விசையை முழுதும் திறந்தால் அவ்வமுக்கம் இன்னும் ஏறும். ஆதலின் நலிந்த பொறி மெதுவான ஓட்டத்தில் நல்லதுபோற் காட்டி, முழுச் சுமையில் கைவிட்டுவிடும்.

இதனை முதியவரிடம் விளக்கி, தும்மலின் காரணம் தெரியுமட்டும் வானேறுவதில்லை என்று வாக்குறுதி பெற்றேன். முதலில் எரிபொருளின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் அளந்தோம், குற்றமில்லை. அடுத்து யான் ஒரு பிழை செய்தேன். ஒரே காலையில் பிளக்குகளையும் அவற்றிற்குச் செல்லும் கம்பிகளையும் ஒருங்கே மாற்றினேன். அன்று தும்மல் இல்லை, மகிழ்ந்து கைகுலுக்கிக்கொண்டோம். ஆனால் அன்று கடுங்குளிர்; எஞ்சின் வழக்கம்போற் சூடேறவில்லை. வெயில் வந்ததும் தும்மலும் வந்தது. மூன்று சனிக்கிழமைகள் வீணாயின. அதன்பின் ஒரு பொழுதிற்கு ஒரே மாற்றம். செய்ததையும் கண்டதையும் அப்போதே ஏட்டில் எழுதுதல் என்னும் விதியை மேற்கொண்டோம்.

பின்னர்ச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றாற் பிணித்து, எஞ்சினை நன்கு சூடேற்றி, முழு விசையில் வைத்துப் பின்பிளக்குகளை நிறுத்தினோம். உடனே எஞ்சின் நொண்டியது. இரண்டாம் சுழலியில் தீயே எழவில்லை. இத்தனை நாளும் அச்சுழலியின் முன்பிளக் விட்டுவிட்டுச் சாக, பின்பிளக் அதன் வேலையையும் தானே இழுத்து எம் கண்ணுக்கு மறைத்திருந்தது. மின்சாரத்தை உயர்த்தும் காயில்களை ஒன்றற்கொன்று இடமாற்றினோம். குற்றம் காயிலோடு போகவில்லை, இரண்டாம் சுழலியிலேயே நின்றது. கம்பிகளை இடமாற்றினோம், அப்போதும் அங்கேயே நின்றது. இனி மிஞ்சியது காயிலின் எர்த் இணைப்பொன்றே. குளிர்ந்த நிலையில் அதன் தடையை அளந்தால் மீட்டர் ஏறக்குறைய சூனியம் காட்டியது. அளவுகருவி செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறிது. காயில் இழுப்பதோ பல ஆம்பியர். ஆகவே நீண்ட கம்பிகளை விமானியின் இருக்கைவரை கொண்டுவந்து, எஞ்சின் முழு விசையில் ஓடும்போதே அவ்விணைப்பில் எத்துணை வோல்ட் இழக்கப்படுகிறதென்று அளந்தோம். மற்ற மூன்றிலும் ஒரு வோல்ட்டின் நூற்றிற் சில பங்கு. இதிலோ ஒரு வோல்ட்டுக்கு மேல்.

எஞ்சினை நிறுத்தி அத்திருகாணியைக் கழற்றியபோது என் முகம் வெளிறிற்று. காயில்களைத் தாங்கும் இரும்புத் தகட்டிற்குப் பெயின்ட் அடித்தவன் யானே. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊரிற் பிறந்தவனாதலின், பளிச்சென்று நிற்கும் இரும்பைக் கண்டால் பெயின்ட் பூசாமல் என் கை அடங்காது. நான்கு எர்த் முனைகளுள் மூன்றிற்குப் பல் வைத்த வாஷர் இட்டிருந்தேன். அப்பற்கள் பெயின்ட்டைக் கீறி இரும்பைத் தொட்டன. நான்காவது வாஷர் கைதவறி எங்கோ விழ, தேடச் சோம்பி, தட்டையான வாஷரை இட்டு முடுக்கிவிட்டேன். திருகாணியின் மரைவழியே ஏதோ சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. சூடேறித் தகடு விரிந்தபோது அதுவும் தளர்ந்தது.

உண்மையை மறைக்கவும் எனக்கு வழியிருந்தது. துடைத்து முடுக்கிவிட்டால் எவரும் அறியார். ஆயினும் அம்முதியவர் தம் உயிரை ஏற்றவிருந்த இடமன்றோ அது? அனைத்தையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின் மேசையினின்று ஓர் உப்புத்தாளை எடுத்து என் கையிற் கொடுத்து, “நண்பரே, நான்கையும் தேய்த்துவிடுங்கள்” என்றார். வெறும் இரும்பு மின்னுமளவும் தேய்த்தேன். நமது ஆய்வுக்கூடத்து மேசையும், என் பங்கையும் சேர்த்துத் தேய்த்த அத்தோழரின் விரல்களும் என் கண்முன் நின்றன. பின்பிளக் முன்பிளக்கின் குறையை மூடியவாறே அவரும் என் குறையை மூடிவந்தார். யானோ அதனை என் திறமையென்று நம்பியிருந்தேன்.

அதன்பின் தும்மல் வரவில்லை. பல சோதனைகளுக்குப் பின், இளவேனிற்காலத்து ஒரு காலையில் முதியவர் வானேறினார். தளத்தின் ஓரத்தில் நின்ற யான், மரக்காட்டிற்கு மேலே அவ்வெஞ்சினின் ஓசை இடையறாது செல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சுற்றிவந்து இறங்குமட்டும் என் சட்டைப்பையிலிருந்த உப்புத்தாளை என் கை விடவேயில்லை.

ஆய்வுக்கூடத்திற் பயிலும் இளந்தோழர்களே! இவ்வாரமும் நீவிர் அவ்வாக்கியத்தை எழுதுவீர்கள். எழுதுமுன் உங்கள் பங்குக் கம்பிகளை நீங்களே தேய்த்துவிடுங்கள். ஒருமுறையேனும், பக்கத்துத் தோழரின் கையின்றித் தனியே நின்று பரிசோதனையைச் செய்து பாருங்கள்.