இரவில் இரண்டு விளக்கும் அணைந்தால்

பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டு கிள்ளான் திரும்பும் வழி. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா தாண்டியதும் காரின் முன்விளக்கு இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. தெருவிளக்கு இருந்ததால் சாலை தெரிந்தது. பின்னால் லாரி வந்ததால் சட்டென்று பிரேக் பிடிக்கவில்லை. அபாய விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, மெல்ல இடப்பக்கம் ஒதுங்கினேன். இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றபோதுதான் மூச்சே வந்தது. நின்ற காருக்குள் உட்கார்ந்திருக்கவே கூடாது.

ஒரு விளக்கு போனால் பெரும்பாலும் பல்புதான். இரண்டும் சேர்ந்து போனால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும் என்றார், பிறகு காரைப் பார்த்த பட்டறை அண்ணன். ரிலேயைப் பிடுங்கிக் காட்டினார்: ஒரு கால் கருகி, சாக்கெட்டின் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. முன்பு கார் வைத்திருந்தவர் 60/55 வாட் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100/90 மாட்டியிருக்கிறார். அவ்வளவு மின்சாரத்தை அந்த வயர் தாங்காது.

பழைய கார் வாங்குகிறவர்கள் பல்பில் எழுதியிருக்கும் வாட்டைத் தயவுசெய்து படித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் நள்ளிரவு ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். விளக்கில்லாத கார் அவர்கள் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். ஹாலோஜன் பல்பை மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்டால் பல்பு சீக்கிரம் பழுதாகிவிடலாம்.