கறுப்புப் புள்ளியின் பூர்வீகம்

மூளையில் ரத்தம் கசிந்து பக்கவாதம் வந்தவர்களின் எம்.ஆர்.ஐ. படத்தில், கசிந்த இடம் வருடங்கள் கழித்தும் கறுப்பாகவே தெரியும். அந்தக் கறுப்புக்குக் காரணம் இரும்பு. ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு; 30 மில்லி கசிந்தால் 15 மில்லிகிராம். சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் சிதைந்த பிறகு, அதில் ஒரு பகுதி ஹீமோசிடரின் என்ற இரும்புப் படிவாக அங்கேயே தங்கிவிடுகிறது. இதைக் காந்தத்தால் பார்க்கலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? அதைத் தேடித்தான் பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டத் தொடங்கினேன்.

இந்தக் கறுப்பைக் காட்ட இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற எம்.ஆர்.ஐ. வகைப் படத்தின் வேரைத் தேடிப் போனால், ரைக்கன்பாக், ஹாக்கே குழு 1997-ல் வெளியிட்ட கட்டுரை வருகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மூளையின் மெல்லிய சிரைகளின் படம். அந்தப் படத்தில் சிரை ரத்தம் மட்டும் ஏன் கறுக்கிறது? அதற்கு 1936-க்குப் போக வேண்டும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாகத் தள்ளும், ஆக்சிஜன் இழந்ததை இழுக்கும் என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் அந்த ஆண்டு காட்டினார்கள்.

அவர்களுடைய கட்டுரையின் தொடக்கத்திலேயே மைக்கேல் ஃபாரடே வந்துவிடுகிறார். 1845 நவம்பர் 8 அன்று அவர் உலர்ந்த ரத்தத்தைக் காந்தத்திடம் காட்டிப் பார்த்திருக்கிறார். உலராத புது ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். தமனி ரத்தத்தையும் சிரை ரத்தத்தையும் ஒப்பிட்டிருந்தால், 91 ஆண்டுகள் முன்பே விஷயம் வெளிவந்திருக்கும் என்று பாலிங் ஆதங்கப்படுகிறார்.

ஆனால் பார்ப்பது வேறு, அளப்பது வேறு. இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தையும் குலைப்பதால், கறுப்பு உண்மைப் படிவைவிடப் பெரிதாக விரிகிறது. எந்திரத்தின் காந்த வலிமை மாறினால் அதன் அகலமும் மாறும். அளவின் வேர் ஸ்வீடனில் கிடைத்தது. ஹால்கிரென், சூரான்டர் இருவரும் இறந்துபோன 81 பேரின் மூளைகளைப் பகுதி பகுதியாக எடுத்து, வேதியியல் முறையில் இரும்பை அளந்து 1958-ல் வெளியிட்டார்கள். மூளையின் ஆழத்தில் உள்ள குளோபஸ் பாலிடஸ் பகுதியில் 100 கிராமுக்குச் சுமார் 21 மில்லிகிராம். கல்லீரலில் இருப்பதைவிட அதிகம். எம்.ஆர்.ஐ. சொல்லும் எண்களை இன்றும் அந்த அட்டவணையோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். புலம் குலைந்த விதத்திலிருந்து குலைத்த பொருளைக் கணக்கிடும் கியூ.எஸ்.எம். முறை பின்னால் வந்தது. கால்சியம் காந்தத்துக்கு எதிர்த்திசையில் நடந்துகொள்வதால், இரும்பையும் அதையும் இம்முறை பிரித்துக் காட்டிவிடும்.

இவ்வளவு கணக்கு எதற்கு? கசிந்த இரும்பு நரம்பணுக்களுக்கு நஞ்சு என்பதால், இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபெராக்ஸமைன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது: மருந்தால் ஆபத்தில்லை, ஆனால் மூன்று மாதத்தில் எதிர்பார்த்த முன்னேற்றமும் இல்லை. மருந்து இரும்பை எடுக்கவில்லையா, எடுத்தும் பயனில்லையா? கைகால் செயல்பாட்டை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நோயாளியின் மூளையிலேயே மில்லிகிராம் கணக்கு எடுத்தாக வேண்டும்.