கோர்க்கா மலையில் கல் சுமந்தபோது

சோனௌலி எல்லையைக் கடக்க இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. கோரக்பூரில் ரயிலை விட்டு இறங்கிப் பேருந்து பிடித்தால் சில மணி நேரத்தில் எல்லை வளைவு வந்துவிடும். தோளில் மூட்டையோடு நடந்தே அந்தப் பக்கம் போகலாம். 2017 குளிர்காலத் தொடக்கத்தில், நேபாளத்தில் வீடு கட்ட உதவும் ஊழியத்துக்காக எங்கள் சபையிலிருந்து புறப்பட்டவர்கள் அப்படித்தான் உள்ளே போனோம். விமானத்தில் போகலாமே என்று சிலர் கேட்டபோது, அந்தக் காசில் எத்தனை மூட்டை சிமென்ட் வாங்கலாம் என்று எங்கள் பொருளாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. சென்னையிலிருந்து கோரக்பூர் வரை ராப்திசாகர் எக்ஸ்பிரஸ்தான்.

எல்லை தாண்டி வடக்கே போனால், சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில் புட்வல் இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் இங்கே டீ குடித்துவிட்டு வண்டி மாறிப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஊரில் கொஞ்சம் நிற்கவேண்டும் என்றிருந்தது. காரணம், ஓட் ஹோஃப்டுன். நார்வே நாட்டுப் பொறியாளர். 1954இல் தொடங்கிய ஐக்கிய நேபாள மிஷனுக்காக, தான்சேனில் மருத்துவமனை கட்டும் வேலைக்கு 1958இல் வந்தார். கட்டிடம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவரோ 1963இல் புட்வலில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கினார். மலைப் பையன்கள் அங்கே வெல்டிங்கும் தச்சும் லேத் வேலையும் கற்றார்கள். பிறகு தினாவ் ஆற்றில் சிறிய மின்நிலையம் ஒன்று எழுந்தது. அதில் கைதேர்ந்தவர்கள் ஆந்திகோலா, ஜிம்ருக் மின்நிலையங்களைக் கட்டினார்கள். மதம் மாற்றுவதில்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அந்த மிஷன் வேலை செய்தது. வெளியிலிருந்து வருகிற கிறிஸ்தவன் ஓர் ஏழை நாட்டில் எப்படிக் கட்டவேண்டும் என்று யாராவது கேட்டால், நான் புட்வலைத்தான் காட்டுவேன்.

அங்கிருந்து நாராயண்கட் வழியாக முக்லிங். சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்ததால் வழியெல்லாம் புழுதி. கோர்க்கா பஜாரில் இரவு தங்கி, மறுநாள் ஜீப்பில் பர்பாக் போகும் பாதையில் ஏறினோம். 2015 ஏப்ரல் 25, முற்பகல் 11.56க்கு வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தின் மையம் அந்தப் பர்பாக் பக்கம்தான். நாடு முழுவதும் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேர் மாண்டார்கள். அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் சபைகள் கூடுவதும் அன்றுதான். ஆராதனை நடந்துகொண்டிருந்தபோதே கூரை இடிந்து இறந்தவர்கள் பல ஊர்களில் உண்டு. பள்ளிக்கூடங்களோ பூட்டியிருந்தன. அதனால் பிழைத்த குழந்தைகளுக்குக் கணக்கில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் எங்களை வரவேற்ற பாஸ்டர். ஒன்றுக்கு அழுதுவிட்டு மற்றதற்கு ஸ்தோத்திரம் சொல்ல அவர் எப்படிப் பழகினார் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் வேலை செய்த கிராமம் குருங் மக்களுடையது. வீடு ஒரு தீதியுடையது; அக்காவை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். கணவர் மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள், ஓர் எருமை, தகரக் கொட்டகை என்று மூன்று மழைக்காலத்தை ஓட்டியிருந்தார் தீதி. வீடு இழந்த குடும்பத்துக்கு அரசு தந்த மானியம் மூன்று லட்சம் நேபாள ரூபாய். நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. அதுவும் மூன்று தவணையாக வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் ஐம்பதாயிரம், அடித்தளம் சரியென்று பொறியாளர் பார்த்துச் சொன்னபின் ஒன்றரை லட்சம், சுவர் எழுந்தபின் ஒரு லட்சம். வட்டிக்கு வாங்காமல் முதல் தவணையில் அடித்தளத்தை முடிக்க அந்த மலையில் யாராலும் முடியவில்லை. சபை அனுப்பிய பணம் அந்த இடைவெளிக்குத்தான் போனது. யாருக்குக் கொடுப்பது என்று ஊர்க்காரர்களே கூடிப் பட்டியல் போட்டார்கள். அதில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே இருந்தன.

வேலையின் தலைவர் டகர்மி, அதாவது கொத்தனார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தில்லியில் கட்டிட வேலை செய்த நாட்களில் பழகிய இந்தியில் எங்களோடு பேசினார். முதல் நாள் காலையில் ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்த்துவிட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். சிலருக்கு மண் மிதிக்கும் வேலை. எனக்கு டோகோ. மூங்கிலில் பின்னிய கூம்புக் கூடை அது. நாம்லோ என்ற பட்டையை நெற்றியில் மாட்டி, கனத்தை முதுகில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கழுத்தை விறைப்பாக வைத்தால் அரை மணியில் வலி பிடித்துவிடும். கொஞ்சம் குனிந்து, தரையைப் பார்த்து, சின்னச் சின்ன அடியாக வைக்கவேண்டும் என்று நடந்து காட்டினாள் தீதியின் மூத்த மகள். நான் சுமந்ததைப்போல ஒன்றரை மடங்கை அவள் சுமந்தாள்.

இடிந்த பழைய வீட்டின் கல்லே புது வீட்டுக்கும். சிமென்ட் ஏற்றிவர வழியில்லாத ஊர்களில் கல்லும் மண் சாந்துமாகவே கட்டிக்கொள்ளலாம் என்று அரசின் மாதிரி வரைபடங்களிலேயே இருக்கிறது. ஆனால் கட்டும் முறை மாறவேண்டும். பழைய சுவர்கள் ஏன் விழுந்தன என்பதை டகர்மி இடிந்து நின்ற ஒரு மூலையிலேயே காட்டினார். ஒன்றரை அடிச் சுவர். வெளிமுகத்துக்கு ஒரு வரிசைக் கல், உள்முகத்துக்கு ஒரு வரிசை, நடுவே சில்லும் மண்ணும். நிலம் ஆடியதும் இரண்டு முகமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, வயிறு தள்ளிச் சரிந்துவிட்டன. இதைத் தடுக்கச் சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் குறுக்குக்கல்லை இரண்டடிக்கு ஒன்றாக வைக்கவேண்டும். அஸ்திவாரத்தின் தலையிலும், ஜன்னலுக்குக் கீழும், மேலும், கூரைக்கு அடியிலும் மரத்தாலோ கான்கிரீட்டாலோ பட்டி ஓட்டவேண்டும். முக்கோணச் சுவரைக் கல்லில் எழுப்பாமல் தகரத்தால் அடைக்கவேண்டும்.

குறுக்குக்கல் கிடைப்பதுதான் பெரும்பாடு. அத்தனை நீளக் கல் இடிபாட்டில் அபூர்வம். மதியம் முழுக்க அதைத் தேடுவதே எங்களில் இருவருக்கு வேலையாயிற்று. ஒரு கல் கிடைத்தால் டகர்மி சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்து ஓசையைக் கேட்பார். கணீரென்றால் சுவருக்கு. ஓசை செத்திருந்தால் உள்ளே விரிசல் என்று ஓரமாக எறிவார். பொறியாளர் வந்து பார்க்கும்போது குறுக்குக்கல் குறைந்திருந்தால் அடுத்த தவணை நின்றுபோகும் என்ற கவலை டகர்மிக்கு எப்போதும் உண்டு.

வெளியாட்கள் போய்ச் சுவர் எழுப்பினால் உள்ளூர்க்காரனின் கூலி போகிறது என்று இத்தகைய பயணங்களைக் குறை சொல்வார்கள். பல நாடுகளில் அது உண்மை. ஹோண்டுராஸில் 1998ஆம் ஆண்டின் மிட்ச் சூறாவளிக்குப் பிறகு வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் கட்டிய வீடுகளை, அங்கேயே வாழ்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் ஆராய்ந்தார். உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டைச் சுமார் 2,000 டாலரில் கட்டியது. வந்துபோன குழு ஒன்றின் செலவோ, பயணத்தையும் சேர்த்து, சுமார் 30,000 டாலர். அந்த வித்தியாசத்தைப் படித்த எந்தச் சபையும் டிக்கெட் எடுக்குமுன் ஒருமுறை முழங்காலில் நிற்கவேண்டும்.

கோர்க்காவின் நிலைமை வேறு. வாலிபர்கள் கத்தாரிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழக் கால் பங்கு அளவுத் தொகை அப்படிப் போனவர்கள் அனுப்பிய பணம். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் வீடு கட்டியதால் கொத்தனாருக்கும் பஞ்சம், சுமக்கவும் ஆள் இல்லை. வயதானவர்களும் பெண்களும்தான் கல் தூக்கினார்கள். அங்கே எங்கள் முதுகு யாருடைய கூலியையும் பறிக்கவில்லை. ஆனால் கரண்டி டகர்மியின் கையில்தான் இருந்தது. அப்படித்தான் இருக்கவேண்டும்.

அந்த அக்டோபரில்தான் புதிய குற்றவியல் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டிருந்தார். மதம் மாற்றினால் ஐந்தாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேற்றம். சட்டம் அமலுக்கு வர இன்னும் மாதங்கள் இருந்தாலும் பாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கைப்பிரதி கூடாது, சிலுவை போட்ட சட்டை கூடாது, வேலையிடத்தில் பாட்டு கூடாது. எங்களில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை. சொல்லாமல் எப்படி ஊழியம் ஆகும் என்று கேட்டார். பாஸ்டர் கோபப்படவில்லை. "அண்ணா, நீங்கள் போய்விடுவீர்கள். ஜெயிலுக்கு நான்தான் போவேன்" என்றார்.

சட்டம் இல்லாவிட்டாலும் பாஸ்டர் சொன்னதே சரி என்பது என் நம்பிக்கை. அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. விசுவாசத்தைப் பேசியதற்காக ஒருவனைச் சிறையில் தள்ளுவது அநியாயம். ஆனால் கூரையில்லாமல் நிற்கிறவளிடம் கல்லோடு சேர்த்து வேதத்தை நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வருமா? வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் அவள் சொல்லும் ஆமாமுக்கு என்ன மதிப்பு? தீதி கடைசிவரை எங்கள் ஆண்டவரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தினமும் மதியம் தீடோ எனும் கேழ்வரகுக் களியும் குந்த்ருக் கீரை ரசமும் கொண்டுவந்து வைத்து, எல்லோரும் சாப்பிட்டபின்தான் உட்கார்ந்தார்.

திரும்பியதும் சபைக் கமிட்டியில் பேசினேன். இனிமேல் கொத்தனார் கூலியும் கான்கிரீட் பட்டியின் கம்பிக்கான பணமும் முதலில் போகட்டும், அங்கிருந்து கேட்டால் மட்டும் ஆள் போகட்டும் என்றேன். மகளிர் ஐக்கியத்தில் நெடுநாள் இருக்கும் ஓர் அம்மா எழுந்தார். "பணத்தை மட்டும் அனுப்பிட்டா நம்ம பிள்ளைங்க யாரோட முகத்தை நினைச்சு ஜெபம் பண்ணும், தம்பி?" கேள்வி நியாயமானது. டகர்மி கல்லைத் தட்டிக் கேட்ட விதத்தைக் கண்ணால் பார்த்திராவிட்டால், கம்பிக்குக் காசு கேட்டு நானே அங்கே நின்றிருக்கமாட்டேன். அதைத்தான் பதிலாகச் சொன்னேன். கமிட்டி இரண்டையும் ஏற்றது. அடுத்த வருடம் கூலிப் பணம் அக்டோபரிலேயே போய்ச் சேர்ந்தது. ஆள் கேட்டுப் பாஸ்டரின் செய்தி நவம்பரில் வந்தது. சுமக்கத் தெரிந்தவர்கள் சிலர் போதும், முடிந்தால் தச்சு தெரிந்த ஒருவர் என்று கேட்டிருந்தார்.